பாண்டவர் வீடும் பெயரற்ற மேடும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகத் திருத்திச் சுருக்கிய வடிவம்)



திருப்பதியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், சந்திரகிரிக்கும் தோர்ணகம்பாலாவுக்கும் இடையே மல்லய்யகாரிபல்லி என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்துக் குன்றில், கற்பலகைகளைச் சுவராக நிறுத்தி மேலே ஒரு பெரும்பலகையை வைத்து மூடிய சின்னங்கள் பல நிற்கின்றன. ஊரார் அந்தக் குன்றைப் 'பாண்டவுல குட்ட' என்கிறார்கள். கற்களுக்குப் 'பாண்டவ குள்ளு' என்று பெயர். தெலுங்கில் குடி என்றால் கோயில். குள்ளு அதன் பன்மை. பாண்டவர் கோயில்கள் என்று பொருள். ஆய்வாளர்களோ இவை கற்திட்டைகள், இரும்புக் காலத்து மக்கள் தங்களில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்பார்கள். ஊரார் சொல்லும் பாண்டவர்க்கும் கோயிலுக்கும் அந்த விளக்கத்தில் இடமில்லை.

ஊருக்கு ஊர் போய் இந்தத் திருத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். "இது கோயில் இல்லப்பா, கல்லறை." நான் சொன்னது சரியான செய்திதான். ஆனால் பல ஆண்டு நடந்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. இன்றைக்கு அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். நம் பக்கத்தில் இந்தக் கற்களை நெடுங்காலம் காத்துவந்தது ஊரார் வைத்த பெயர். ஆராய்ச்சி வந்தது நேற்று. சட்டம் வந்தது அதற்கும் பிறகு. பெயர் இருந்த கல் நின்றது. பெயர் இல்லாத மேடு ஏருக்கும் ஜே.சி.பி.க்கும் போயிற்று. ஆகவே ஊர்ப்பெயரைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஆய்வுச் சொல்லை எழுதினால் கல்லின் வேலியைப் பிடுங்கியவர்கள் ஆவோம். ஐந்து கருத்துகளாக இதைச் சொல்கிறேன்.

1

இவை எவை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பலமநேர்ப் பக்கத்தில் இரலபண்டா என்ற இடம் உண்டு. பண்ட என்றால் தட்டைப் பாறை. அந்தப் பக்கத்துக் கற்திட்டைகளில் ஒன்றின் முன் சாயங்கால வெயிலில் உட்கார்ந்து பாருங்கள். நான்கு பக்கமும் நான்கு பலகை. நான்கும் முனைக்கு முனை சேரவில்லை. ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையைத் தாண்டி ஒரு கை அளவு வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் கோடு மாதிரி தெரியும். இது அழகுக்காகச் செய்ததன்று. வெளியே மண்ணும் கல்லும் குவித்து அணைக்கும்போது ஒவ்வொரு பலகையும் உள்பக்கம் சாயப் பார்க்கும். அப்போது பக்கத்துப் பலகையின் விளிம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். ஆணி இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது.

பெரும்பாலும் கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். இடுதுளை என்கிறோம். அதன் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உளி பட்ட கோடு இருக்காது. சிறு சிறு குழிகளாகச் சொரசொரப்பு தெரியும். கெட்டியான கல்லைக் கையில் பிடித்து, தட்டித் தட்டி, பொடி பொடியாக உதிர்த்து எடுத்த துளை அது. எத்தனை நாள் தட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சிறுவன் தோளைச் சாய்த்தால் உள்ளே போய்விடலாம். பெரியவர் போக முடியாது. பெரியவரின் எலும்பு போகும்.

அப்படித்தான் போயிற்று. இத்தகைய கல்லறைகளைத் தோண்டியபோது பல இடங்களில் முழு உடல் கிடைப்பதில்லை. ஒருவருக்கு மேற்பட்டவர்களின் எலும்புத் துண்டுகள் கிடைக்கின்றன. வேறெங்கோ உடலைக் கிடத்தி, சதை போனபின் எலும்பைப் பொறுக்கி எடுத்துவந்து, கூடவே கருப்பு-சிவப்புப் பானை, இரும்புக் கத்தி, ஈட்டி முனை, சில இடங்களில் சூதுபவள மணி எல்லாம் வைத்து மூடியிருக்கிறார்கள். துளை இருந்ததால் இன்னொருவர் இறக்கும்போது மறுபடி திறக்க முடிந்தது. ஒரு குடும்பமோ ஒரு குலமோ தலைமுறை தலைமுறையாகத் திறந்து மூடிய கதவு அது என்று நான் நினைக்கிறேன்.

சில திட்டைகளைச் சுற்றி இன்னொரு வரிசைப் பலகைகள் நிற்கும். ஒன்றின் தலை பிறை போல வளைந்திருக்கும். அடுத்ததன் தலை தட்டையாக இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்திலும் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை நிறத்தில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். இன்றைய மாநில எல்லைக்கோடு இந்தக் கற்களுக்குத் தெரியாது.

எல்லா ஊரிலும் ஒரே வடிவம் இல்லை. காரணம் மண்தான். அடியில் பாறை இருந்தால் தோண்ட முடியாது. அங்கே தரைமேல் திட்டை. செம்மண் ஆழமாக இருந்தால் குழி வெட்டி, உள்ளே பலகை அடுக்கி, மேலே கல் குவித்து, சுற்றிலும் உருண்டைப் பாறைகளை வட்டமாக நடுவார்கள், அது கல்வட்டம். தெற்கே போகப் போகத் தாழி. வேறு சில இடங்களில் சுடுமண் பேழை, அதற்குக் கால்கள் கூட உண்டு. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த ஆட்டுக்கடா வடிவப் பேழையைச் சென்னை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வளைந்த கொம்போடு நிற்கும் அந்தக் கடாவின் முதுகுக்குள் ஒரு மனிதரின் எலும்பை வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் சற்று நேரம் அங்கிருந்து நகர முடியாது.

காலத்தைப் பற்றி ஒரு சொல். பொதுவாக இவை கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை என்றே படித்தோம். தமிழ்நாட்டில் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் சிவகளைக் கணக்குகள் அதையும் தாண்டி கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குப் போயின. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். மயிலாடும்பாறை கிருஷ்ணகிரி மாவட்டம். நம் குப்பத்துக்குப் பக்கத்து மாவட்டம்தான். நம் கற்களுக்கும் இப்படி ஒரு காலக்கணிப்பு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்குக் கல் மிஞ்சியிருக்க வேண்டும்.

2

இரண்டாவது, பெயர்.

எங்கள் ஆயா பலமநேர்ப் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், வயலில் தெலுங்கு. அவள் சொன்ன கதை இது. ஒரு காலத்தில் முழங்கால் உயர மனிதர்கள் இருந்தார்கள். ஆள் சிறிது, பலம் பெரிது. வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கூரை வீடு எரிந்துவிடும் என்று கல்லால் வீடு கட்டி, சின்ன வாசல் வைத்து உள்ளே போனார்கள். நெருப்பு மழை பெய்தது. உள்ளேயே வெந்து போனார்கள். "அதான் உள்ள எலும்பு இருக்குது, கருக்கின பானை இருக்குது" என்பாள்.

இந்தக் கதையை அப்போது ஆயாவின் கற்பனை என்று நினைத்தேன். பிறகு கர்நாடகத்திலும் தமிழ்நாட்டு மலைப்பக்கங்களிலும் இதே கதை கிளைகளோடு கிடைத்தது. கன்னடத்தில் அந்தக் குள்ளர்கள் மோரியர், வடதமிழ்நாட்டில் வாலியர். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இடுதுளை ஏன் சிறிது, உள்ளே ஏன் எலும்பு, பானை உள்பக்கம் ஏன் கருப்பு: மூன்று கேள்விக்கும் இந்தக் கதையில் விடை இருக்கிறது. பானை உள்ளே கருப்பாக இருப்பது கவிழ்த்து வைத்துச் சுட்டதால் என்று நாம் சொல்வோம். ஆனால் கேள்வி கேட்கும் அளவுக்குக் கூர்ந்து பார்த்தவர்கள் ஆயாவும் அவளுக்கு முன்னிருந்தவர்களும். தெற்கே முதுமக்கள் தாழிக்கும் இப்படி ஒரு கதை உண்டு: சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை விளக்கும் சோறும் வைத்துத் தாழிக்குள் இறக்கினார்கள் என்பது. தாழி இருந்தது, சிறு விளக்கு போன்ற கலங்கள் இருந்தன, எலும்பு இருந்தது. கதை அவற்றைக் கோத்தது.

பெயர்களை அடுக்கிப் பாருங்கள். பாண்டவர் வீடு, பாண்டவ குள்ளு, ராட்சச குள்ளு, வாலியர் வீடு, மோரியர் மனை, குரங்குப் பட்டடை, பாண்டுக்குழி. 1823-இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் மலபார்க் கல்லறைகளைப் பற்றி எழுதி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'பாண்டு குழி' என்ற சொல் இருக்கிறது. 'பண்டு' என்ற நம் சொல்தான் 'பாண்டு' ஆகி, பிறகு பாண்டவரைக் கூட்டிவந்ததோ என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன. கல்லுக்கு ஒரு சொந்தக்காரரைக் காட்டுகின்றன. அந்தச் சொந்தக்காரர் பாண்டவர், ராட்சதர், குள்ளர். உயிரோடு இல்லாதவர், கேட்டு அனுமதி வாங்க முடியாதவர். அதனால் யாரும் அந்தக் கல்லை எடுத்து மாட்டுக்கொட்டகைக்குப் போடுவதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் மழைக்கு ஒதுங்குவார்கள். மூடுகல்லில் கை வைக்கமாட்டார்கள். ஒருமுறை ஒரு மேய்ப்பரிடம், "இத்தனை பலகை கல் கெடக்குதே, ஒன்னு கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலையா?" என்று கேட்டேன். "அது பாண்டவங்களுது சார்" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

நமக்கு இலக்கியம் தெரியும். இலக்கியத்தையும் இங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. அகநானூற்றில் மாமூலனார் முதலானோர் வேங்கடத்தைத் தாண்டிப் பொருள் தேடிப் போகும் கணவனைப் பற்றிப் பாடுகிறார்கள். அத்தகைய பாலை வழிகளில் அம்புபட்டு இறந்தவர்மேல் குவித்த கற்குவை வருகிறது; பதுக்கை என்று அதற்குப் பெயர். வீரனின் பெயரையும் சிறப்பையும் எழுதி மயிற்பீலி சூட்டிய நடுகல் வருகிறது. கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மணிமேகலையோ சுடுவது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று ஐந்து முறைகளைச் சொல்கிறது. ஐந்தும் அருகருகே வழக்கில் இருந்த ஊரை அந்தப் புலவர் அறிந்திருக்கிறார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது பெயர்தான். கற்திட்டையில் யார் பெயரும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்களில் பெயர் இருக்கிறது. நம் சித்தூர்ப் பக்கத்தில் வாணர், வைதும்பர், நுளம்பர் காலத்து வீரக்கற்கள் பல, இறந்தவன் யார், எந்தச் சண்டையில் இறந்தான் என்று சொல்கின்றன. பெயர் எழுதாமல் விட்ட பழைய கற்களுக்கு, எழுதத் தெரியாத மக்கள் பிற்பாடு தாங்களே ஒரு பெயர் வைத்துக் காத்தார்கள்.

3

மூன்றாவது, கடல் தாண்டி ஒரு பார்வை. நமக்கு மட்டும் நடந்த கதையா இது என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஈமமேடுகள் நிறைய. புதிய கற்காலத்து நீள்மேடுகள் நம் கற்களைவிட மிகப் பழையவை. ஐயாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை. வெண்கலக் காலத்து வட்டமேடுகள் ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றி மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கும் நம் கற்களுக்கும் தொடர்பில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஒரே இனம் உலகெங்கும் கல் நட்டுக்கொண்டு போனது என்று சிலர் எழுதினார்கள், அது நிற்கவில்லை. ஒப்பிடத்தக்கது, பின்னால் வந்த மக்கள் அந்தச் சின்னங்களை எப்படி நடத்தினார்கள் என்பது.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 'வேலண்டின் கொல்லுப்பட்டறை' என்றொரு கல்லறை இருக்கிறது. வேலண்ட் என்பவர் ஜெர்மானியக் கதைகளில் வரும் கொல்லர். அந்தக் கல்லறையைக் கட்டியவர்கள் மண்ணாகி நாலாயிரம் ஆண்டு கழித்து வந்த சாக்சன் குடிகள் தங்கள் கதைநாயகனை அங்கே குடிவைத்தார்கள். 955-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றில் அந்தப் பெயர் எல்லைக்குறியாக வருகிறது. குதிரையைக் கட்டிவிட்டு ஒரு காசையும் வைத்துவிட்டுப் போனால், காலையில் லாடம் அடித்திருக்கும் என்று ஊரார் நம்பினார்கள். நாம் பாண்டவரைக் கூட்டிவந்தோம். அவர்கள் வேலண்டைக் கூட்டிவந்தார்கள். கல் நின்றது.

1882-இல் பிரிட்டனில் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியல் சட்டத்தோடேயே இணைந்திருந்தது. அந்தப் பட்டியலைப் படித்தால் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. வேலண்டின் பட்டறை, ஆர்தரின் வட்ட மேசை, நெட்டை மெக்கும் அவள் பெண்மக்களும்: ஊரார் கூப்பிட்ட பெயர்களே சட்டத்தில் அச்சேறியிருக்கின்றன. 'நீள்மேடு வகை, எண் இத்தனை' என்று எழுதவில்லை. ஆர்தர் அரசன் அங்கே உட்கார்ந்து உண்டான் என்று நாடாளுமன்றம் நம்பியதா? இல்லை. ஆனால் எந்த இடம் என்று ஊராருக்கும் நீதிமன்றத்துக்கும் ஒரே சொல்லில் தெரிய வேண்டும் என்று நினைத்தார்கள்.

பெயரற்ற மேடுகளின் கதை வேறு. அவற்றில் ஏராளமானவை உழுது உழுது தரையோடு தரையாகின. 1928-இல் கிராஃபர்ட், கெய்லர் என்ற இருவர் தென் இங்கிலாந்தை விமானத்திலிருந்து படமெடுத்து ஒரு நூல் வெளியிட்டார்கள். தரையில் ஒன்றுமே தெரியாத வயல்களில் மேலிருந்து வட்ட வட்டமாகக் கோடு தெரியும். மேட்டைச் சுற்றி ஒரு காலத்தில் வெட்டிய அகழி தூர்ந்து போனாலும், அதன் மண்ணில் ஈரம் தங்கும். அங்கே பயிர் பச்சையாக உயரும். அடியில் கல் இருந்தால் பயிர் வாடும். மேடு போனபிறகும் பயிர் அதைக் காட்டிக்கொடுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பி வருவேன்.

அங்கே லெஸ்லி கிரின்செல் என்று ஒருவர் இருந்தார். வங்கி எழுத்தர். விடுமுறை நாள்களில் நடந்தே போய் ஈமமேடுகளைப் பார்த்து, அளந்து, ஆயிரக்கணக்கில் பதிவு செய்தார். 1936-இல் இங்கிலாந்தின் ஈமமேடுகளைப் பற்றி நூல் எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 1976-இல், இத்தகைய தொல்சின்னங்களைப் பற்றி ஊரார் சொன்ன கதைகளைத் திரட்டி இன்னொரு நூல் கொண்டுவந்தார். அளவையும் கதையையும் ஒரே மனிதர் ஒரே மதிப்போடு எழுதினார். அவர் முதலில் தொழில்முறை ஆய்வாளரே இல்லை என்பதை இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் வங்கி ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் கவனிக்க வேண்டும்.

4

நான்காவது கருத்து என் வாதத்துக்கு எதிரானது. மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே பெயர் கல்லுக்குக் கேடும் செய்கிறது.

கோயில் என்றால் அடியில் நிதி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. குப்தநிதி தோண்டுபவர்கள் இரவில் வருகிறார்கள். மூடுகல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளி, உள்ளே தோண்டி, பானையை உடைத்து, எலும்பை வாரி இறைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு திட்டையில் மூடுகல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளவின் உள்முகம் புதிதாக, உப்புக்கல் மாதிரி மினுமினுத்தது. மூவாயிரம் ஆண்டு வெயில் பட்ட வெளிமுகமும் முந்தாநாள் பிளந்த உள்முகமும் ஒரே கல்லில். பக்கத்தில் கருப்பு-சிவப்பு ஓடுகள் சிதறிக் கிடந்தன. அவர்களுக்கு வேண்டிய பொன் அங்கே இருந்திருக்காது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த காலத்தில் பொற்பட்டங்கள் கிடைத்தது உண்மை. கொடுமணலில் ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்ததும் உண்மை. அவை விதிவிலக்குகள். சாதாரணக் கல்லறையில் இருப்பது ஓடும் எலும்பும் துருப்பிடித்த இரும்பும். அவை சிதறாமல் இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு.

பழைய அச்சம் போய்விட்டது. அந்த இடத்தில் ஆசை வந்துவிட்டது. பெயர் மட்டும் இனி வேலியாக நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஆய்வாளர்களான நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். சித்தூர் 1911 வரை வடஆர்க்காட்டின் தலைநகர். காக்ஸ் எழுதிய வடஆர்க்காடு மாவட்டக் கையேடு 1881-இல் வந்தது. அடுத்த ஆண்டே ராபர்ட் சூவெல் சென்னை மாகாணத் தொல்சின்னங்களை ஊர்வாரியாகப் பட்டியலிட்டார். நில அளவைத் துறையில் இருந்த பிரான்ஃபில் சென்னை, மைசூர்ப் பகுதிகளின் கற்பலகைச் சின்னங்களை வரைந்து விவரித்தார். அவர்களெல்லாம் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதினார்கள். அதன் பிறகு வகைப்பாடு வந்தது. 1947-இல் தொல்லியலாளர் வீலர் பிரம்மகிரியில் தோண்டினார், 1949-இல் வி.டி. கிருஷ்ணசாமி தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களுக்கு முறையான வகைகளையும் சொற்களையும் வகுத்தார். அது மிகத் தேவையான பணி. நான் கற்றதும் அதில்தான். குறை அவரிடம் இல்லை, அவரைப் படித்த எங்களிடம் இருக்கிறது. 'கல்லறை, இடுதுளை கிழக்கு, மூடுகல் உண்டு' என்று குறிப்பேட்டில் எழுதினோம். ஆடு மேய்ப்பவர் என்ன பெயர் சொன்னார் என்ற கட்டமே அதில் இல்லை.

விளைவு என்ன ஆயிற்று? ஒரு ஊரில் கல்வட்டங்கள் இருந்த சரிவு வருவாய்ப் பதிவேட்டில் வெறும் கல்லாங்குத்துப் புறம்போக்கு என்று இருந்தது. எங்கள் ஆய்வேட்டில் வகைப்பெயர் இருந்தது. ஊரார் வாயில் பழம்பெயர் இருந்தது. மூன்றும் ஒரே இடம் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை. சரிவிலிருந்து கிரேவல் மண் எடுத்தார்கள். கேட்டபோது, "இங்கே ஒன்றும் இல்லை என்றுதானே அடங்கலில் இருக்கிறது?" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உருண்டைக் கற்கள் இரண்டு மட்டும் சாலையோரத்தில் கிடந்தன. இன்று அவையும் இல்லை.

5

ஐந்தாவது, ஆகவே என்ன எழுத வேண்டும்.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. முதலில் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது; இப்போது இருப்பவை 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 1960-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம். எல்லாச் சட்டமும் பட்டியலில் இருப்பதைத்தான் காக்கும். பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கு மேல் கிரானைட் குத்தகை வந்தாலும், விரைவுச்சாலைக்கு மண் எடுத்தாலும், மனைப்பிரிவு போட்டாலும் சட்டம் பேசாது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது சந்திரகிரி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. பலமநேர் சித்தூரில் நின்றது. பதிவேடுகள் மேசை மாறும் காலம் இது. இந்த நேரத்தில் எழுதாவிட்டால் எப்போது எழுதுவது?

நான் கேட்பது சிறியது. ஒரு வரியில் நான்கு செய்தி: சர்வே நம்பர், ஆய்வு வகை, ஊரார் கூப்பிடும் பெயர் தெலுங்கிலும் தமிழிலும், அதைச் சொன்னவர் எந்த ஊர் என்பது. சொன்னவரின் கதையையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இதை எழுத முனைவர் பட்டம் வேண்டாம். ஒரு பள்ளி ஒரு வருடத்தில் தன் மண்டலம் முழுவதையும் எழுதிவிடலாம். எழுதியதைக் கிராம வருவாய் அலுவலரான வி.ஆர்.ஓ.விடமும் மாநிலத் தொல்லியல் துறையிடமும் கொடுத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும். கல்லைத் தோண்டக் கூடாது, ஓட்டைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் போட்டு உலகுக்கெல்லாம் அனுப்பவும் கூடாது. இரவில் கடப்பாரையோடு வருபவர்களும் அதைப் பார்ப்பார்கள். மாணவர்களுக்கு நான் சொல்லும் விதிகள் இவை மட்டுமே.

நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று எங்கே போனாலும் ஒரே திண்ணையில் இரண்டு மொழி கேட்கும். 1960-இல் எல்லை மாறி, திருத்தணி அந்தப் பக்கம் போய், சத்தியவேட்டுப் பக்கம் இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்காக நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். பாண்டவர் வீடும் பாண்டவ குள்ளும் ஒன்றுதான் என்று ஒரு பதிவேட்டில் அருகருகே எழுதும் பணிக்கு இரண்டு மொழியும் தெரிந்த நம்மைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.

முடிப்பதற்கு முன், விட்டுவைத்த ஒன்று.

ஆயாவின் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. மாட்டுவண்டி சுற்றிக்கொண்டு போகும் அளவுக்கு அகலம்; என் இடுப்பு உயரம். மேலே சின்னக் கற்கள், ஓரத்தில் பெரிய உருண்டைக் கற்கள். ஆயா அதன்மேல் புல் அறுக்கமாட்டாள். பக்கத்தில் கூழ் குடிக்க உட்கார்ந்தால் முதல் கை எடுத்து அதன் பக்கம் வைப்பாள். அதற்கு ஒரு பெயர் சொல்வாள். தெலுங்கில் சொல்வாள். பல தடவை என் காதில் விழுந்த பெயர் அது. எனக்கு அப்போது பத்து வயது. பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. படித்துவிட்டு ஊர் திரும்பியபோது ஆயா இல்லை. நிலம் கைமாறி, மேட்டைச் சமன் செய்துவிட்டார்கள். யாரிடம் கேட்டும் பெயர் தெரியவில்லை.

மழை குறைந்த ஒரு வருடம் அந்த வழியாகப் போனேன். ஏரிக்கரைமேல் நின்று பார்த்தேன். கீழே வேர்க்கடலைச் செடி. மற்ற இடமெல்லாம் பச்சை; நடுவில் மட்டும் வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு வட்டம் வெளுத்து, செடி குட்டையாக, சுருண்டு நின்றது. நிலத்துக்காரர் கரையேறி வந்தார். "உரமும் தண்ணியும் எல்லாத்துக்கும் ஒன்னாத்தான் சார் உட்றேன். இந்த எடத்துல மட்டும் ஏன் இப்படி? இங்க என்னா இருந்திச்சு?" என்று கேட்டார்.

கல்வட்டம் இருந்தது என்று சொன்னேன். "கல்வட்டம்னா?" என்றார்.